அயல்நாட்டில் அண்டை வீட்டாரும் நம் அடிசிலும்



நம் மரபினர் பலர் இன்று குடும்பத்தோடு சிங்கப்பூரில் வாழ்கின்றனர். ஆங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடிகளில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் முதலியோர் கலந்து குடியிருக்குமாறு 1989ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தார் விகிதம் வகுத்துள்ளனர். ஆதலின் எதிர்வீட்டார் வேற்றுமொழியினராதல் இயல்பேயாம்.

"அவரோடு உண்டு பழகின் நம் ஆசாரம் என்னாம்?" என்று முதியோர் சிலர் நம்மை வினவுகின்றனர். அவ்வச்சத்தை நாம் எள்ளோம். ஆயினும் விருந்தோம்பலுக்குத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவனார், வந்தாருடைய குலத்தையும் மொழியையும் வினவினாரல்லர்.

ஆசாரத்தைக் காக்கும் வழி, முன்னரே கேட்டறிதலாம். முஸ்லிம்களுக்கு ஹலால் அல்லாத இறைச்சி ஆகாது. பௌத்தச் சீனருள் மரக்கறியே உண்போர் உளர்; அவருள்ளும் வெங்காயம், பூண்டு விலக்குவோர் உளர். நாம் விலக்குவனவற்றையும் அவ்வாறே நாணாது உரைத்தல் வேண்டும்.

அயலார் ஒரு பண்டத்தின் பெயரையும் பக்குவத்தையும் கேட்குங்கால், விடை கூறுதற்பொருட்டேனும் நம் சிறார் தாயாரிடம் அவற்றைக் கற்பர். அதனால் நம் வழக்கம் தேயாது, வளரும்.

மேலும், நள்ளிரவில் நோயோ பிரசவ வேதனையோ நேருங்கால் ஊரிலுள்ள உற்றார் உடனே வருதல் இயலுமோ? எதிர்வீட்டாரே ஓடி வருவர்.

ஆதலின் தீபாவளியன்று முறுக்கும் அதிரசமும் முதற்கண் எதிர்வீட்டிற்குச் செல்க. நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் அவர் அன்புடன் அளிப்பனவற்றுள் நமக்கு ஏற்றவற்றை முகமலர்ந்து உண்க.