வாய்ப்பெருமை வார்ப்பாகாது!



பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை 1876-இல் செருமானியர் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் இரீயும் அகழ்ந்தனர். விலங்கும் பறவையும் அணிசெய்யும் வெண்கல மூடிகள் வெளிப்பட்டன. அவற்றைச் செய்தவர் பெயரை எவரும் அறியார். கைத்திறன் மட்டுமே எஞ்சியுள்ளது.

அப்பெருமையைப் பேசினால் போதுமா? கைத்தொழில், கை மாறாவிடின் மாயும். காவிரிக்கரைச் சுவாமிமலையில் வார்ப்புக்கலை இன்றும் உயிரோடிருக்கின்றது; கற்பார் அங்குச் சென்று காண்க!

தேன்மெழுகொடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து முதலில் மெழுகுரு வடிப்பர். அதன்மேல் ஆற்று வண்டலைப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் மண் அப்பிக் கம்பியாற் கட்டுவர். சூடேற்ற, மெழுகு உருகி வழிந்தோடும். அவ்வெற்றிடத்தில் செம்பும் பித்தளையும் ஈயமும் கலந்த உருக்கை ஊற்றுவர். ஆறியபின் மண்ணை உடைத்தெடுப்பர். ஓர் அச்சுக்கு ஒரு படிமமே!

செம்பு உருக 1085 பாகை வெப்பம் வேண்டும். மண்ணில் ஈரம் எஞ்சினால் அச்சு வெடிக்கும். ஊற்றுங்கை தயங்கினால் வார்ப்புக் குறைபடும். இவற்றை ஏடு கற்பிக்காது, உலைக்களமே கற்பிக்கும்.

இம்முறைக்கு ‘மதூச்சிட்ட விதானம்’ என வடமொழிப் பெயர் சூட்டி மலைக்க வைப்பாரும் உளர். மெழுகு, வண்டல், மூசை, உலை, உருக்கு, வார்ப்பு, ஐம்பொன் எனும் சொற்கள் போதாவோ?

இளைஞர்களே! பழம்பெருமை பேசிய வாய் சற்றே ஓய்க! கை மெழுகைப் பிசைக!