பழைய பெட்டிக்குள் கிடைத்த விடை

ஓயாத அழுகை. பெற்றோர் முகத்தை ஏறிட்டும் பார்க்காத பிள்ளை. 1956-இல் பிறந்த மகனுக்கு என்ன என்று அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்டுக்கே விளங்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவர்தான். 'ஆட்டிசம்' என்ற சொல்லையே கேள்விப்பட்டதில்லை!

கல்லூரியில் எப்போதோ படித்தது மனைவி குளோரியாவுக்கு ஞாபகம் வந்தது. பழைய புத்தகப் பெட்டியைக் கிளறினார்கள். ஒரு புத்தகத்தில் ஆட்டிசம் பற்றிய விவரம். அச்சு அசலாக மகனின் லட்சணங்கள்.

அந்தக் காலத்தில் ஆட்டிசத்துக்கான பழியெல்லாம் தாயின் தலையில்தான். பாசம் காட்டாததால் வந்த வினை என்று நிபுணர்களே சொன்னார்கள். பெற்றவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? ரிம்லேண்ட் ஆய்வுகளைத் துருவினார். இது மூளை, நரம்பு சம்பந்தப்பட்டது என்று 1964-இல் புத்தகமே போட்டார். மறு வருடம் மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து சங்கம் தொடங்கினார்.

1943-இல் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய லியோ கானர், 1969-இல் அந்தச் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். பெற்றோர்கள் மேல் குற்றமில்லை என்று மேடையிலேயே அறிவித்தார்.