சக்கரமின்றி வனைந்த கைகள்: சௌராத் தீவின் பெண்கள்

(மண்பாண்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நிக்கோபார் தமிழருக்குப் புதிய பெயரன்று. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அதனை மாநக்கவாரம் என்று குறிக்கிறது. கப்பற்படை சென்ற கதையைப் பாடநூல்கள் சொல்கின்றன. அத்தீவுகளின் மக்கள் எதனை ஆக்கி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. அங்கே சௌரா என்றொரு சிறு தீவு உண்டு. பரப்பு சுமார் 8 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தோர் 1,300 பேருக்கும் குறைவு. நிக்கோபார் தீவுகள் அனைத்துக்கும் பானை வனைந்து கொடுத்தவர்கள் இந்தத் தீவின் பெண்கள்.

அவர்களிடம் சக்கரம் இல்லை. மண்ணும் இல்லை! களிமண் தெற்கே உள்ள தெரேசாத் தீவிலிருந்து ஹோடி எனப்படும் படகில் கடல் கடந்து வரவேண்டும். வந்த மண்ணைக் கல் நீக்கி, நுண்மணல் கலந்து பிசைவார்கள். தென்னோலையால் செய்த வளையத்தின் மீது அடிப்பகுதியை இருத்தி, மண்ணைத் திரித்துச் சுருள் சுருளாக அடுக்கிச் சுவரை எழுப்புவார்கள். சக்கரம் சுழலாத இடத்தில் கையே சுற்றி வருகிறது. சிப்பியால் சுரண்டி, ஈரக்கையால் தடவி மெருகேற்றிக் காயவைத்துச் சுடுவார்கள். சூளை கட்டுவதில்லை; திறந்த வெளியில் பானையைச் சுற்றி விறகு சாய்த்து எரிப்பதுதான் முறை. சுட்ட பானையின் சூடு தணியுமுன் இளந்தேங்காய் மட்டையின் கீற்றை அதன்மீது அழுத்த, சாறு பட்ட இடமெல்லாம் நிறக்கோடு விழும். அழகுக்கு வண்ணம் வாங்க வேண்டியதில்லை. சக்கரத்தில் அமர்ந்து பழகியோர் இந்த வேலையின் அருமையை எளிதில் அறிவர்: கண்ணளவு ஒன்றை மட்டுமே நம்பி ஒரு பெரும் பானையின் வாயை வட்டமாகக் கொண்டுவருவது சாதாரணச் செயலன்று.

காலனி அதிகாரியான ஈ. எச். மேன் 1894இல் ஆங்கில மானிடவியல் இதழில் இக்கலையை விரிவாக எழுதினார். எழுதியவரின் பெயர் நிலைத்தது. வனைந்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

மற்றத் தீவினர் பானை செய்யலாகாது, செய்தால் தீங்கு நேரும் என்ற நம்பிக்கை அங்கு நிலவியது. மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதன் பொருளாதார அடித்தளத்தையும் பார்க்கவேண்டும். சௌராவில் நல்ல களிமண் இல்லை, பெரும் படகுக்கான மரவளமும் இல்லை. இயற்கை கைவிட்ட இடத்தில் உழைப்புத் திறனே அவர்களின் செல்வமாயிற்று. பானையைக் கொடுத்து வேண்டியதைப் பெற்றார்கள். தெற்குத் தீவுகளில் செய்யப்பட்ட படகுகள் கார் நிக்கோபாருக்கு விலைபோனதும் சௌராவின் வழியாகவே. வறிய தீவொன்று வணிகத்தின் நடுவில் மதிப்போடு அமர்ந்ததற்குப் பெண்களின் கைகளே முதற்காரணம்.

அங்கு பானை வனைவது ஒரு சாதியின் தலைவிதியன்று என்பதையும் கவனிக்கவேண்டும். பெருநிலப்பகுதியிலோ அத்தொழிலைப் பிறப்போடு கட்டிப் போட்டார்கள். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்ப வழிக் குரு-சீடர் மரபைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டது. குலத்தொழிலுக்குப் புது வண்ணம் பூசுவதா என்று தமிழ்நாட்டில் எழுந்த கேள்வி நியாயமானது. காதித் துறையோ மின்சாரச் சக்கரங்களை வழங்குகிறது; கால் நோகச் சக்கரம் சுற்றியோருக்கு அது உதவியே. சக்கரமே தொடாத சௌராக் கைகளுக்கு அதனால் என்ன பயன்? ஒரே அச்சில் வார்த்த திட்டம் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது.

அலுமினியப் பாத்திரம் வந்தபோதே பானையின் தேவை சுருங்கத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை சௌராவைச் சிதைத்தது. உயிர் தப்பியோர் தெரேசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். காலம் சென்றே ஊர் திரும்பினர். வீடும் தென்னந்தோப்பும் பன்றிகளும் படகுகளும் போயின. படகு போனால் மண் வராது. மண் வராவிட்டால் பானை இல்லை. நிவாரணக் கணக்கில் வீட்டுக்கு இடம் உண்டு, பாத்திரத்துக்கும் உண்டு. ஒரு தொழிலின் மண்வழி அறுந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

இத்தனைக்குப் பின்னும் அக்கலையை நினைவிலும் விரலிலும் வைத்திருக்கும் மூத்த பெண்களே இன்றைய பாராட்டுக்கு உரியவர்கள். பொன்னாடை அவர்களுக்குத் தேவையில்லை. இளம்பெண்களுக்குக் கற்பிக்கும் நாட்களுக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுங்கள். தெரேசாவிலிருந்து மண் கொண்டுவரப் படகுக்கு வழி செய்யுங்கள். ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) அரசு விற்பனையகத்தில் பானை வைக்கப்படுமானால், அதன் விலையை இடைத்தரகரின்றி, செய்தவர்களோடு அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.