தேனடையும் வாசனை மெழுகுவர்த்தியும்

(பண்ணை மகளிருக்கான பயிற்சியில் நிகழ்த்திய உரை)



தேன் எடுத்த பிறகு பழைய அடைகளை என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலோர் குப்பைக் குழியில் போட்டு விடுகிறோம். சிலர் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் வைக்கிறோம். இரண்டு மாதம் கழித்து அந்தச் சாக்கைப் பிரித்தால் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களும் நூலாம்படையும்தான் மிஞ்சுகின்றன. தேனீக்கள் பல கிலோ தேனைச் செலவிட்டே ஒரு கிலோ மெழுகைச் சுரக்கின்றன. அதை வீணாக்குவது பாலைக் கறந்து தரையில் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

"வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்யலாமா? கட்டுப்படியாகுமா? சாமான்கள் எங்கே கிடைக்கும்?" என்று சகோதரிகள் பலர் கேட்கின்றனர். செய்யலாம். கட்டுப்படியும் ஆகும். ஆனால் மூன்று காரியங்களை விடாமல் செய்தல் வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்துச் சேர்க்க வேண்டும். எரித்துப் பார்த்த பிறகே விற்க வேண்டும். வாங்குபவர் யார் என்று தெரிந்த பிறகே முதல் போட வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் கைமுதல் கரைந்துவிடும்.

சொந்தப் பண்ணையின் மெழுகு

முதலில் நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். அடைகளைத் தேன் எடுத்த அன்றோ மறுநாளோ தண்ணீரில் அலசித் தேன் பிசுக்கை நீக்குங்கள். பிறகு மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் இட்டு இளந்தீயில் சூடாக்குங்கள். தேன் மெழுகு சுமார் 62 முதல் 65 டிகிரி சென்டிகிரேடில் உருகும். ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. மூட்டையைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்தால் மெழுகு வெளியேறி மேலே மிதக்கும். அடுப்பை அணைத்து, மூடி வைத்து, இரவு முழுதும் மெல்ல ஆற விடுங்கள். காலையில் மெழுகு வில்லையாக உறைந்திருக்கும். அடியில் ஒட்டியுள்ள கசடைக் கத்தியால் சுரண்டி விட்டு மறுபடி ஒரு முறை உருக்கி வடிகட்டினால் போதும்.

இதற்கு எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் மெழுகின் நிறம் கெட்டுவிடும். உப்புத் தண்ணீரும் கடினத் தண்ணீரும் வேண்டாம். மழை நீர் சாலச் சிறந்தது. வெயில் மிகுந்த நம் ஊர்களில், உட்புறம் கறுப்பு வண்ணம் பூசி மேலே கண்ணாடி மூடி போட்ட சாய்வான பெட்டியில் அடையை வைத்தும் விறகுச் செலவின்றி மெழுகு எடுக்கலாம்.

தேன் மெழுகுக்கு இயற்கையிலேயே இளந்தேன் மணம் உண்டு. வேறு வாசனை சேர்க்காமலே அதை மணமுள்ள மெழுகுவர்த்தி என்று விற்கலாம். தேனீப் பெட்டிச் சட்டங்களில் பொருத்தும் மெழுகுத் தாள் இருந்தால் வேலை இன்னும் எளிது. தாளை லேசாக வெயில் காட்டி, ஓரத்தில் திரியை வைத்து இறுகச் சுருட்டினால் மெழுகுவர்த்தி தயார். அடுப்பே தேவையில்லை. புதிதாகத் தொடங்குவோர் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

வாங்க வேண்டிய பொருள்கள்

தேன் மெழுகு கொஞ்சமாகவே கிடைக்கும். அதிகம் செய்ய விரும்புவோர் பாரபின் மெழுகு வாங்க வேண்டும். இது பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையும் இதை உற்பத்தி செய்கிறது. பெரிய நகரங்களின் மொத்தக் கடைகளில் பாளம் பாளமாகக் கிடைக்கும். வாங்கும்போது உருகும் சூட்டைக் கேட்டு வாங்குங்கள். 58 முதல் 60 டிகிரியில் உருகும் ரகம் தனித்து நிற்கும் வர்த்திக்கு ஏற்றது. அதனினும் மென்மையான ரகம் கோடையில் வளைந்துவிடும். 100 கிராம் பாரபினுக்கு 5 முதல் 10 கிராம் ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் வர்த்தி கெட்டியாகவும் வெண்மையாகவும் அமையும், அச்சிலிருந்தும் எளிதில் கழன்று வரும். சோப்புத் தயாரிப்புச் சாமான் விற்கும் கடைகளில் ஸ்டியரிக் அமிலம் கிடைக்கும். சோயா மெழுகு சுமார் 50 டிகிரியிலேயே இளகிவிடுவதால் கண்ணாடிக் குவளையில் ஊற்றுவதற்கு மட்டுமே உதவும்.

தேனீ வளர்ப்போர் ஒன்றை மறக்கக்கூடாது. பாரபின் கலந்த மிச்ச மெழுகை ஒருபோதும் தேனீப் பெட்டிக்கான மெழுகோடு சேர்த்து உருக்காதீர்கள். கலப்பட மெழுகுத் தாளில் கட்டிய அடை வெயிலில் தொய்ந்து விழும். வெளியில் தேன் மெழுகு வாங்குவோரும் விழிப்பாக இருங்கள். நல்ல தேன் மெழுகை உடைத்தால் முறிந்த இடம் மணல் மணலாகத் தெரியும். விரலால் பிசைந்தால் இளகும். வழவழவென்று எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பாரபின் கலந்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். நாள்பட்ட நல்ல மெழுகின் மேல் வெண்பொடி படர்வதும் உண்டு. அது பூஞ்சாணம் அன்று. துணியால் துடைத்தால் போய்விடும்.

திரியே உயிர்

மெழுகுவர்த்திக்கு உயிர் திரி. குத்துவிளக்குத் திரியையோ தையல் நூலையோ போட்டால் சரியாக எரியாது. மெழுகுவர்த்திக்கென்றே பின்னிய பருத்தித் திரியைக் கேட்டு வாங்குங்கள். வர்த்தியின் குறுக்களவைச் சொன்னால் அதற்கேற்ற கனத்தில் தருவார்கள். ஒரே குறுக்களவுக்குப் பாரபினைவிடத் தேன் மெழுகுக்குக் கனமான திரி தேவைப்படும். திரியை உருகிய மெழுகில் ஒரு முறை தோய்த்து, நேராக இழுத்துக் காய வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். உள்ளே உலோகக் கம்பி உள்ள திரியில் என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் வாங்காதீர்கள். ஈயக் கம்பி வைத்த திரியை 2003-ஆம் ஆண்டு அமெரிக்கா தடை செய்தது. எரியும்போது ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும் என்பதே காரணம்.

வாசனையில் ஏமாறாதீர்

பன்னீர், மல்லிகைச் சாறு, சந்தனப் பொடி, காய்ந்த ரோஜா இதழ் இவற்றைப் போட்டால் மணக்கும் என்று பலர் நினைக்கின்றனர். பன்னீரில் உள்ள நீர் மெழுகோடு கலக்காது. திரி படபடவென்று வெடித்து அணையும். பொடி திரியை அடைத்துவிடும். இதழ்கள் தீப்பற்றும். மெழுகில் கரையக்கூடியது எண்ணெய் வாசனை மட்டுமே.

நம் பக்கத்தில் விளையும் எலுமிச்சைப்புல் எண்ணெய் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு டன் பச்சைப் புல்லைக் காய்ச்சி வடித்தால் சுமார் 3 முதல் 5 கிலோ வரை எண்ணெய் கிடைக்கும். கேரளத்தின் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'சுகந்தி' இரகம் பலரும் அறிந்தது. சிட்ரொனெல்லா எண்ணெயும் நல்ல மணம் தரும். ஆனால் அதைக் கலந்த வர்த்தியைக் 'கொசு விரட்டும்' என்று எழுதி விற்காதீர்கள். திறந்த இடத்தில் அதன் பயன் மிகக் குறைவு. நீலகிரித் தைலம் சுமார் 50 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். ஆகையால் சூடான மெழுகில் அதைச் சேர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.

1,000 கிலோ மல்லிகைப் பூவிலிருந்து சுமார் 3 கிலோ அளவே மெழுகு போன்ற மணச்சத்து கிடைக்கிறது. ஆகவே மலிவாக விற்கும் 'மல்லிகை எண்ணெய்' செயற்கை வாசனையே. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. 'இயற்கை மல்லிகை' என்று சீட்டு ஒட்டுவதுதான் தவறு. கடையில் "மெழுகுவர்த்திக்கு உரியதா?" என்று கேட்டு, முதலில் 50 அல்லது 100 கிராம் மட்டும் வாங்கிச் சோதியுங்கள்.

செய்முறை

அச்சின் கொள்ளளவை முதலில் அறியுங்கள். அச்சில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் தண்ணீர் கொண்டால் அதில் சுமார் 90 கிராம் பாரபின் மெழுகு பிடிக்கும். பத்து வர்த்திக்கு 900 கிராம் தேவை. 100 கிராம் மெழுகுக்கு 5 கிராம் வாசனை என்று கொண்டால் 860 கிராம் மெழுகும் 43 கிராம் வாசனை எண்ணெயும் எடுத்தால் சரியாக இருக்கும். கரண்டிக் கணக்கு வேண்டாம். சிறிய மின்னணுத் தராசு ஒன்று வாங்கி விடுங்கள்.

அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதனுள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். மெழுகை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. சூட்டை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. 100 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானி தேவை. மெழுகு முழுவதும் உருகியபின் அடுப்பை அணைத்து விடுங்கள். சூடு சுமார் 70 டிகிரிக்கு இறங்கியதும் வாசனையைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். திரியை நடுவில் நிறுத்தி மெழுகை ஊற்றுங்கள். ஆறும்போது நடுவில் குழி விழும். அதற்காகக் கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்திருந்து மீண்டும் ஊற்றி நிரப்புங்கள். விசிறிக் காற்றில் ஆற வைத்தால் வெடிப்பு விழும். செய்த வர்த்தியை ஒரு வாரமாவது மூடி வைத்த பிறகு எரித்தால் மணம் நன்கு தெரியும்.

எரித்துப் பார்த்தல்

ஒவ்வொரு புது அளவுக்கும், புது வாசனைக்கும் மூன்று வர்த்திகளையாவது நீங்களே எரித்துப் பாருங்கள். திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிக் கொளுத்தி, நான்கு மணி நேரம் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். 5 செ.மீ. குறுக்களவுள்ள குவளையில் இரண்டு மணி நேரத்தில் உருகிய மெழுகு விளிம்பைத் தொட வேண்டும். நடுவில் கிணறு போல் இறங்கினால் திரி மெலிது. சுடர் உயர்ந்து, கரும்புகை வந்து, குவளை கை தொட முடியாமல் சுட்டால் திரி கனம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரியையும் வாசனையையும் சேர்த்து மாற்றினால் எது குறை என்று தெரியாது. பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் திரி அடி வரை எரியும்போது சிரட்டையே பற்றிக்கொள்ளும். பூச்சில்லாத மண் அகலில் மெழுகு கசிந்து, வைத்த இடத்தைக் கறையாக்கும். உட்புறம் மெருகு பூசிய அகலும் கனமான கண்ணாடிக் குவளையுமே ஏற்றவை.

தீயில் கவனம்

கூரை வீட்டினுள் இந்த வேலையைச் செய்யாதீர்கள். புடவைத் தலைப்பைச் செருகிக் கொள்ளுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரியும் மெழுகு நாலாபுறமும் சிதறும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூடிவிட வேண்டும். அதற்கான தட்டை முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கையில் மெழுகு பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் நீண்ட நேரம் வைத்திருங்கள். பிய்த்து எடுக்காதீர்கள்.

விற்பனை

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். "எங்களிடம் இயந்திரமும் மெழுகும் வாங்குங்கள், நீங்கள் செய்வதை நாங்களே திரும்ப எடுத்துக் கொள்கிறோம்" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இவ்வகைத் திட்டங்களில் முன்பணம் முதலில் போய்விடுகிறது. செய்த சரக்கைக் கொண்டு போனால் 'தரம் போதவில்லை' என்று திருப்பி விடுகிறார்கள். நகையை அடகு வைத்து இயந்திரம் வாங்கிய குடும்பத்துக்கு அடகுக் கடன் மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே இயந்திரத்திற்கு முன்பணம் கட்டாதீர்கள். ஒரு தராசு, ஒரு வெப்பமானி, இரண்டு பாத்திரம், சில அச்சுகள் இவை போதும் தொடங்குவதற்கு.

முதலில் இருபது வர்த்தி செய்யுங்கள். பக்கத்துக் கோயில், தேவாலயம், பரிசுப் பொருள் கடை, தேன் விற்கும் இடம் ஆகியவற்றில் காட்டுங்கள். கேட்டு வாங்குபவர் உண்டென்றால் மேலும் செய்யுங்கள். கார்த்திகைத் தீபத்திற்கு மெழுகு நிரப்பிய அகல் விற்கும். செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவிலும், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளிலும், கிறிஸ்துமஸிலும் வர்த்திக்குத் தேவை உண்டு. அந்த நாட்களுக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

விலை வைக்கும்போது மெழுகு, திரி, வாசனை, குவளை, எரிபொருள், உடைந்து போனவை, எரித்துப் பார்த்தவை, உங்கள் கைக்கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். கைக்கூலியைச் சேர்க்காமல் கணக்குப் பார்த்து 'இலாபம்' என்று மகிழ்வது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வாசனை எண்ணெயின் விலை மெழுகைப் போல் பத்து மடங்கு என்று வைத்துக் கொள்வோம். 5 கிராம் எண்ணெய் 50 கிராம் மெழுகின் விலையைத் தின்றுவிடும். மணம் போதவில்லை என்று அதை 10 கிராமாக்கினால் இலாபம் முழுவதும் அதிலேயே போய்விடும். ஆகவே மணம் குறைந்தால் முதலில் திரியைப் பாருங்கள்.

தாய்மார்களே! அடுத்த முறை தேன் எடுக்கும்போது அடைகளைத் தூக்கி எறியாதீர்கள். அன்றே உருக்கி ஒரு வில்லை மெழுகு சேர்த்து வையுங்கள். அந்த ஒரு வில்லையில் நான்கு வர்த்தி செய்து உங்கள் வீட்டிலேயே எரித்துப் பாருங்கள். அது சரியாக எரிந்த பிறகு கடைக்குப் போகலாம். தேனீ வளர்ப்பில் பயிற்சி வேண்டுவோர் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.