இசைத்தட்டு கேட்கும் அறை

கோவாவின் பணஜி நகரில் சில ஆண்டுகளுக்கு முன் 'ஃபார் த ரெக்கார்ட்' என்றொரு சிறு மதுக்கூடம் தொடங்கப்பட்டது. காக்டெயில் என்னும் கலப்பு மதுவைப் பருகியவாறு வினைல் இசைத்தட்டுக் கேட்பதற்கென்றே அங்கே வருகிறார்கள். மதுவைப் பற்றி ஓர் ஆசிரியனிடம் நல்ல சொல் எதிர்பார்க்க வேண்டா. ஆயினும், கேட்பதற்கென்றே ஓர் அறையை ஒதுக்கிய எண்ணம் என்னைக் கவர்ந்தது.

இவ்வெண்ணம் ஜப்பானியருக்குப் பழையது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 1926-இல் 'லயன்' என்னும் காப்பிக் கடை தோன்றியது. போரில் அழிந்து, 1950-இல் மீண்டும் எழுந்தது. நாற்காலிகள் யாவும் ஒலிபெருக்கியை நோக்கியே இருக்கும். பேச்சுக்கு அங்கே இடமில்லை. விலை மிகுந்த இசைத்தட்டை வாங்க இயலாத மாணவரும் ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு அந்த இசையைக் கேட்டுச் சென்றனர்.

நெய்வேலிக்கும் இது முற்றிலும் புதிதன்று. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தபின் பல மாநிலத்தவர் இந்நகரியத்தில் குடியேறினர். அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளில் இசைத்தட்டுகளும் வந்தன. என் இளமையில், தெருவில் ஒரு வீட்டில் கிராமபோன் இருந்தால் மாலையில் அண்டை வீட்டார் அனைவரும் அதன் திண்ணையில் கூடுவர். அரக்கால் செய்த பழைய தட்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும் வித்துவான்களும் ஒரு ராகத்தை அதற்குள் சுருக்கித் தந்தார்கள். பின்னர் வந்த நெடுநேரத் தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேலும் ஓடும். உறையிலிருந்து எடுத்து, தூசு துடைத்து, முள்ளை மெல்ல வைத்தபின் எவரும் அசையமாட்டார். பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமானால் எழுந்து சென்று முள்ளைத் தூக்க வேண்டும். தட்டில் கீறல் விழுமோ என்ற அச்சம் வேறு! ஆகவே பிடிக்காததையும் கேட்டோம். அவற்றுட் சில பின்னர் மிகவும் பிடித்துப் போயின. இக்காலத்து மாணவர் கைப்பேசியில் அரை நிமிடம் கேட்டு அடுத்ததற்குத் தாவுகின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை; தாவுவதற்கு அக்கருவி அத்துணை எளிதாக இருக்கிறது.

என் கவலை வேறு. பணி ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அப்போது பாத்திரங்கள் லாரியில் ஏறும். இசைத்தட்டுகள் பழைய சாமான் கடைக்குப் போகும். நான் கண்ட ஒரு கட்டு, நம் சித்திரை வெயிலில் அப்பளம்போல் வளைந்து கிடந்தது. அவற்றை நிழலில், நூல்களைப்போல் நிமிர்த்தி அடுக்கியிருந்தால் இன்றும் பாடியிருக்கும்.

எறியும் முன் ஓர் அறைக்குக் கொடுங்கள் என்கிறேன். நகரியத்தில் வாரம் ஒரு மாலை, இருபது நாற்காலிகள், ஓர் இசைத்தட்டுக் கருவி, மதுவுக்குப் பதிலாக வடிகட்டிய காப்பி. விதி ஒன்றே: தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை எவரும் எழுந்திருக்கலாகாது. காப்பிச் செலவு என்னுடையது.