ஆற்றின் கணக்கு யாரிடம்?

தோழர்களே, கங்கையின் புனிதம் பேச நான் வரல. மீனைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

1975இல் ஃபரக்கா தடுப்பணை திறக்கப்பட்டது. எதுக்கு? கல்கத்தா துறைமுகத்தில் படியும் வண்டலை அடித்துச்செல்ல, கப்பல் ஓட. அலகாபாத் வரை ஏறிவந்த இலிஷ், நாம உல்லம்னு சொல்ற மீன், அணையில் முட்டி நின்றது. பீகார் மல்லாக்களின் வலை காலியாச்சு. 1982இல் கங்கா முக்தி ஆந்தோலன் தொடங்கிப் போராடி, 1991இல் ஆற்று ஜமீனை ஒழித்தவர்கள் இவர்கள். ஆறு கைக்கு வந்தது, மீன் வரல.

2018இல் ஹால்தியா–வாராணசி நீர்வழிக்கு 5,369 கோடி ரூபாய்த் திட்டம். 3 மீட்டர் வரை ஆழம் வேணும்னு தோண்டுறாங்க; வண்டல் மறுபடி மூடும், மறுபடி தோண்டணும். அந்தச் செலவு பொதுப்பணம். மல்லாவின் நட்டமோ எந்தக் கணக்கிலும் இல்ல. அந்தக் கணக்கைத்தான் நாம கேட்கணும்.