மல்லனுக்கு ஒரு சொற்றுணை



அழைப்பிதழில் இன்றைய பொருளைக் கண்ட அன்பர் ஒருவர், "மல்யுத்த மேலாளர் என்று அச்சாகியிருக்கிறதே, பிழைதானே?" என்று தொலைபேசியில் வினவினார். பிழையன்று. தொழில்முறை மல்யுத்த மேடையில் மல்லனுக்கு அருகில் நின்று அவனுக்காகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றித்தான் யாம் இன்று பேச வந்திருக்கிறோம். பிறருக்காகப் பேசுதல் என்பது மொழியியலின் நடுவில் நிற்கும் சிக்கல். அதனைத் தெளிவாகக் காட்டும் களம் இதுபோல் வேறில்லை.

சொல்லும் பொருளும்

இந்த மாவட்டத்தில் முதலில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன; பின்னர் ரப்பர் வந்தது. இரண்டிலும் நம் முன்னோர் உழைத்தனர். தோட்டத்தில் 'மேனேஜர்' என்றால் துரை. அவர் பங்களாவில் இருப்பார். அவருக்கும் லயத்துக்கும் இடையே கிராணியும் கங்காணியும் இருப்பார்கள். ஆகவே அச்சொல்லைக் கேட்டதும் 'மேலே இருப்பவர்' என்ற பொருளே நமக்குத் தோன்றும். 'மேலாளர்' என்ற தமிழாக்கமும் அதனையே உறுதிப்படுத்துகிறது.

மல்யுத்த மேடையில் மேனேஜர் அப்படிப்பட்டவர் அல்லர். போட்டியை ஏற்பாடு செய்வதும் ஊதியம் தருவதும் நிகழ்ச்சி அமைப்பாளரின் வேலை. மேனேஜர் மேடைக்குரிய பாத்திரம். அவர் மல்லனோடு நடந்து வருவார்; ஒலிவாங்கியைப் பிடித்து அறைகூவல் விடுவார்; ஆட்டம் நடக்கும்போது நடுவரின் கவனத்தைத் திருப்புவார்; இறுதியில் கூட்டம் மகிழ அடியும் வாங்குவார். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு இவர் தூரத்து உறவினர். ஆனால் கட்டியங்காரன் எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவானவன். இவரோ ஒரு பக்கத்தைச் சார்ந்தவர்; பெரும்பாலும் தீயவன் பக்கத்தை.

திண்ணையில் கேட்ட மல்யுத்தம்

எம் இளமையில் மல்யுத்தத்தைக் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதே மிகுதி. தோட்டத்துப் பெரியவர்கள் கிங்காங் பற்றியும் தாராசிங் பற்றியும் மாலைவேளைகளில் பேசுவார்கள். கிங்காங் என்று பெயர் பெற்ற எமில் சாயா 1909இல் அன்றைய அங்கேரியில் பிறந்து, ஆசியாவெங்கும் மற்போர் செய்து, 1970இல் சிங்கப்பூரில் மறைந்தவர். தாராசிங் பஞ்சாபிலிருந்து 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து, அங்கே தொழிற்சாலையில் வேலை செய்தபடியே மற்பயிற்சி பெற்றவர். அக்காலத்து மல்யுத்தம் சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காக்களில் செழித்திருந்தது.

எமக்கு வியப்பளித்தது ஒன்றுண்டு. பெரியவர்கள் பிடிகளை நினைவில் வைத்திருக்கவில்லை, பேச்சை வைத்திருந்தார்கள். "அவன் இப்படிக் கேட்டான், இவன் இப்படிச் சொன்னான்" என்று நடித்துக் காட்டுவார்கள். அங்கேரிக்காரரும் பஞ்சாபியரும் எங்கள் திண்ணையில் தோட்டத் தமிழில் சவால் விட்டுக்கொண்டார்கள்! அவர்கள் உண்மையில் என்ன பேசினார்கள் என்பது கதை சொன்னவர்க்குத் தெரியாது, கேட்டவர்க்கும் கவலையில்லை. மல்லனுக்கு உடல் இருந்தது. சொல்லைக் கொடுத்தவர் கதைசொல்லி.

இது புதிதுமன்று. சங்க இலக்கியத்தில் மற்போர் பற்றிய சிறந்த சான்று, போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற செய்தி. புறநானூற்றில் 80 முதல் 82 வரையுள்ள பாடல்களைச் சாத்தந்தையார் பாடினார். அடுத்த மூன்றையும் நக்கண்ணையார் பாடினார். ஆறு பாடல்களிலும் பேசுபவர் புலவரே. வென்றவனும் பேசவில்லை, தோற்றவனும் பேசவில்லை. ஆமூர் மல்லனின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நாவின் வரலாறு

இத்தொழிலில் தலைசிறந்தவர் என்று பலரும் ஒப்புக்கொள்பவர் அமெரிக்கரான பாபி ஈனன். 1944இல் சிக்காகோவில் பிறந்தவர். வறுமையால் பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். மல்யுத்த அரங்குகளில் தின்பண்டம் விற்றும், மல்லர்களின் பைகளைச் சுமந்தும் உள்ளே நுழைந்தார். 1965 அளவில் மேனேஜராக மேடையேறினார். 'மூளை' என்று அவர் தமக்குப் பட்டம் சூட்டிக்கொண்டார். கூட்டமோ கீரிபோன்ற ஒரு சிறுவிலங்கின் பெயரைச் சொல்லி அவரை ஏளனம் செய்தது. ஏளனம் பெருகப் பெருக அரங்கம் நிறைந்தது. கூட்டத்தின் சினத்தை அத்தொழிலார் 'ஹீட்', அதாவது சூடு, என்பர். அதனைச் சொல்லாலேயே மூட்டுவதில் ஈனன் தேர்ந்தவர்.

பேசத் தெரியாத மல்லனுக்குத்தான் மேனேஜர் தேவை என்று கருதலாகாது. 1975இல் பட்டம் வென்ற நிக் பாக்விங்கல் சிறந்த பேச்சாளர். அவருக்கும் ஈனனே துணை நின்றார். மல்லன் அமைதியாகவும் பெருமிதத்தோடும் பேச, வசையையும் வீம்பையும் மேனேஜர் ஏற்றுக்கொண்டார். ஒரே பக்கத்தின் பேச்சை இருவர் பங்கிட்டுக்கொண்ட முறை இது.

1984இல் ஈனன் உலக மல்யுத்தக் கூட்டமைப்பில் சேர்ந்தார். 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் நகர அரங்கில், அல்க் ஓகனை எதிர்த்து நின்ற பிரான்சு நாட்டு ஆந்திரேவை அவரே அழைத்து வந்தார். பேருருவம் படைத்த ஆந்திரே அன்று உடல்நலம் குன்றியிருந்தார், மிகுதியாகப் பேசவில்லை. அவருடைய சினத்துக்குச் சொல் வடிவம் தந்தவர் ஈனன். பதினைந்து ஆண்டுகள் தோல்வியே காணாதவர் ஆந்திரே என்று விளம்பரம் செய்தார்கள், அது மெய்யன்று. பார்வையாளர் எண்ணிக்கை 93,173 என்று அறிவித்தார்கள். அதுவும் பின்னர் ஐயத்துக்கு உள்ளானது. இத்தொழிலில் எண்களும் வீம்பு பேசும்.

2002இல் ஈனனுக்குத் தொண்டைப் புற்றுநோய் இருப்பது வெளியாயிற்று. தொடர் மருத்துவத்திலும் தாடை அறுவையிலும் அவருடைய முகம் மாறியது, பேச்சு குலைந்தது. 2004இல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது மேடையேறிப் பேசி, தம்மோடு வர்ணனை செய்து மறைந்த நண்பர் கொரில்லா மான்சூன் அங்கே இல்லையே என்று ஏங்கி முடித்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் குரலும் தேய்ந்தது. 2017இல் தம் 72ஆம் வயதில் மறைந்தார். பிறர்க்கெல்லாம் நாவாக இருந்தவர், தம் நாவை இழந்து பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

இலக்கணம் காட்டும் மூன்று

இவர்களுடைய பேச்சை ஆராய அயல்நாட்டுக் கருவிகள் தேவையில்லை. நம் இலக்கண மரபே போதும்.

முதலாவது நெடுமொழி. வீரன் தன் பெருமையைத் தானே எடுத்துரைப்பது இது. தற்புகழ்ச்சி குற்றமென்னும் நம் மரபு, போர்க்களத்தில் அதற்கு இடம் தந்தது. மேனேஜரின் பேச்சு இரவல் நெடுமொழி. புகழ்பவர் ஒருவர், புகழுக்குரியவர் வேறொருவர். ஆகையால் மல்லனுக்குக் கூச்சமில்லை, சொல்பவருக்கு வரம்புமில்லை.

இரண்டாவது முன்னிலைப் புறமொழி. எதிரே நிற்பவருக்கு உரியதை வேறொருவரிடம் கூறுவதுபோல் கூறுவது. மேனேஜர் எதிரியைப் பார்த்துப் பேசுவதில்லை. பேட்டி எடுப்பவரைப் பார்த்துப் பேசுவார், குத்துவது எதிரியை. மருமகள் காதில் விழவேண்டும் என்று பூனையைத் திட்டும் மாமியாரை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

மூன்றாவது தன்மைப் பன்மை. கேட்பவரை விலக்குவது 'யாம்', இக்கால வழக்கில் 'நாங்கள்'. கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. மேனேஜர் ஆங்கிலத்தில் "நாம் வெல்வோம்" என்றாரா, "நாங்கள் வெல்வோம்" என்றாரா என்பதைச் சூழலால்தான் உணரவேண்டும். தமிழில் அவர் ஒளிய முடியாது. 'நாங்கள்' என்றால், "அடி வாங்கும்போதும் அந்த 'நாங்கள்' நிற்குமா?" என்று மல்லன் கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் என்னும் வேடம்

இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த தலிப் சிங் ராணா, 'கிரேட் காளி' என்னும் பெயரில் 2006இல் அமெரிக்க மேடைக்கு வந்து, 2007 சூலையில் உலகக் கனஎடைப் பட்டம் வென்றார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக ரஞ்சின் சிங் என்னும் பாத்திரத்தை அமைத்தார்கள். அதனை ஏற்று நடித்த தேவ் கபூர், அந்நிறுவனத்தின் கதை எழுத்தாளர்களுள் ஒருவர்.

இங்கே நிற்போம். மல்லன் தன் மொழியில் பேசுகிறான். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் 'பெயர்க்கிறார்'. ஆங்கிலம் மட்டும் அறிந்த கூட்டத்துக்கு மூலம் எது, பெயர்ப்பு எது என்று சரிபார்க்க வழியில்லை. எழுதுகிறவரே பெயர்ப்பவராகவும் நிற்கும்போது, மூலம் என்பதற்கு வேலையே இல்லை. கேளிக்கை மேடையில் இதனால் தீங்கில்லை. மல்யுத்தம் கேளிக்கையே என்று அத்தொழிலாரே 1989இல் நியூ செர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மேடையல்லாத இடத்தில் இதே காட்சி நிகழ்ந்தால் என்ன?

எம் குறை

இதனை யாம் சொல்லியே ஆகவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், தோட்டத் தமிழின் ஒலியமைப்பை ஆராய இவ்வட்டாரத்து லயங்களில் யாம் ஒலிப்பதிவு செய்துவந்தோம். அத்தோட்டங்களுள் ஒன்று கைமாறி, மக்கள் வீட்டைக் காலி செய்யவேண்டிய நேரம். பால்மரம் வெட்டி முதிர்ந்த பாட்டி ஒருவர், "எனக்கு மலாய் வராது, நீங்க படிச்சவரு, கூட வந்து பேசுங்க" என்றார். அலுவலகம் ஒன்றுக்கு உடன் சென்றோம்.

பாட்டி ஏறத்தாழக் கால்மணி நேரம் பேசினார். எந்த ஆண்டு பெரட்டுக்கு முதன்முதல் நின்றார், கணவர் எந்த மரத்தடியில் மயங்கி விழுந்தார், வாசலில் உள்ள முருங்கையை யார் நட்டது, அந்த வீட்டில் எத்தனை பிள்ளைப்பேறு என்று எல்லாம் சொன்னார். யாம் அலுவலரிடம் இரண்டே வாக்கியம் சொன்னோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருக்கிறார். மாற்று வீடு கேட்கிறார். அலுவலர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். கோரிக்கையும் பின்னர் ஏற்கப்பட்டது.

வெளியே வந்ததும் பாட்டி கேட்டார்: "அம்புட்டுதானா தம்பி, நான் பேசுனது?"

எமக்கு விடை வரவில்லை. வேலை முடிந்தது என்பது உண்மை. அப்பதிவேட்டில் அவருடைய வாழ்வு இரண்டு வாக்கியமாக நின்றதும் உண்மை. அதனினும் வருத்துவது வேறொன்று. அதற்கு முந்தைய நாள்தான் அவரை ஒலிநாடாவில் பதிந்திருந்தோம். அவருடைய நெட்டுயிர்களின் நீளத்தை அளந்தோம். அவர் என்ன சொன்னார் என்பதை எழுதி வைக்கவில்லை. பணி ஓய்வுக்குப் பின்பே அந்நாடாவை மீண்டும் கேட்டு, சொல் விடாமல் எழுதினோம். அப்போது பாட்டி இல்லை.

ஈனன் தம் மல்லர்க்காக மிகைப்படுத்திப் பேசினார். யாம் குறைத்துப் பேசினோம். இரண்டிலும் உரியவரின் சொல் உரியவரிடம் இல்லை. ஆனால் ஈனனுக்கு ஒரு நேர்மை இருந்தது. மல்லன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அம்மொழி விளங்கிற்று. ஆட்டத்தின் முடிவில் அவனுடைய அடியில் இவரும் பங்கு கொண்டார்.

ஒரு சொல், ஒரு வேண்டுகோள்

கலைச்சொல் ஆக்குவோர் கருத்துக்கு ஒன்று வைக்கிறோம். மல்யுத்த மேடையின் மேனேஜரை 'மேலாளர்' என்னாமல் 'சொற்றுணைவர்' என்னலாம். 'சொற்றுணை' அப்பர் தேவாரத்தால் நமக்குப் பழகிய சொல். துணை என்பது உடன் நிற்பது. இடத்தைப் பிடித்துக்கொள்வது அன்று. மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் நம் பெரியவர்க்காகப் பேசும் பேரப்பிள்ளைகளுக்கும் இப்பெயர் பொருந்தும். அப்பிள்ளைகளுக்கு யாம் கூறுவது இதுதான்: பெயர்த்துச் சொன்னதை அவர்களிடமே திரும்பத் தமிழில் சொல்லிக்காட்டுங்கள். "அம்புட்டுதானா?" என்று அவர்கள் கேட்டால், இன்னும் இருக்கிறது என்று பொருள்.

மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கிரியான் மாவட்டத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சைப் பதிந்து, சுருக்காமல், திருத்தாமல், முழுமையாக எழுதி வைக்க ஒரு பணியைத் தொடங்குங்கள். கைப்பேசியே போதும், மாணாக்கர் உள்ளனர். எழுதும் பணியில் எம் காலமும் கண்பார்வையும் உள்ளவரை யாமும் உடனிருப்போம். எம்மிடமுள்ள ஒலிநாடாக்களையும் அந்த எழுத்துப்படியையும் இன்றே மன்றத்திடம் ஒப்படைக்கிறோம்.

முன்வரிசைப் பெரியவர்களே, இதுவரை யாம் பேசினோம். இனி ஒலிவாங்கி உங்களுடையது. நேரம் பார்க்காமல் பேசுங்கள்.